ஷோரூமுக்குப் போறதுக்கு முன்னாடியே வாங்கிட்ட வண்டி

இஎம்ஐ பற்றிப் போன வாரம் நம்ம சேனல்ல பேசினதுக்கு அப்புறம், செய்யாறு சிப்காட்டில் வேலை பார்க்கும் ஒரு தம்பி மெசேஜ் அனுப்பியிருந்தார். கையில் வரும் சம்பளம் 24,000. வேலைக்குப் போக வர 50 கிலோமீட்டர். இப்போதைக்கு கம்பெனி பஸ். "அண்ணா, 125 எடுக்கலாமா, 350 எடுக்கலாமா?" என்று கேட்டுவிட்டு, 350-க்கு ஏழு காரணம் எழுதியிருந்தார். ரோட்டில் ஸ்டேபிளா நிற்கும், முதுகு வலிக்காது, ரீசேல் நல்லா போகும், ஜவ்வாது மலை ஏறும்... இப்படி. 125-க்கு ஒரே காரணம்தான்: மைலேஜ்.

இது கேள்வியே இல்லைங்க. முடிவு எடுத்தாச்சு, என்கிட்ட கையெழுத்து மட்டும்தான் கேட்கிறார்.

நான் பார்த்த வரைக்கும் நம்மில் பெரும்பாலானவர்கள் கணக்குப் போட்டு வண்டி வாங்குவதில்லை. மனசுக்குள்ள வாங்கிவிட்டு, அப்புறம் கணக்குப் போடுகிறோம். அதனால்தான் கணக்கு எப்பவுமே நமக்குப் பிடிச்ச வண்டி பக்கமே சாயுது.

விதிவிலக்கு உண்டு. திருவண்ணாமலையில் காலை அஞ்சு, ஆறு மணிக்கு செங்கம் ரோட்டில் நின்று பாருங்க. பூ மூட்டை, புல்லுக்கட்டு, பால் கேன் எல்லாம் டிவிஎஸ் எக்ஸ்எல்லில்தான் வரும். 1980-ல் டிவிஎஸ் 50 வந்ததிலிருந்து அந்தக் குடும்பத்து வண்டி எதுவாக இருந்தாலும் நம்ம ஊரில் அதற்குப் பேர் 'டிவிஎஸ் ஃபிஃப்டி'தான். காலுக்கு நடுவில் ஒரு மூட்டை, பின் சீட்டைக் கழற்றிவிட்டு அங்கே இன்னொரு மூட்டை. ஓட்டுபவருக்கு இடம் மிச்சம் இருந்தால் சரி. ஸ்ப்ளெண்டரும் கிட்டத்தட்ட அப்படித்தான். 1994-ல் வந்த வண்டி. எந்தக் கிராமத்து மெக்கானிக்கும் கண்ணை மூடிக்கொண்டு பிரிப்பார், ஸ்பேர் எங்கேயும் கிடைக்கும், விற்கப் போனால் மறுநாளே ஆள் வரும். இவர்களுக்கு வண்டி வேலை செய்யணும், அவ்வளவுதான். (மாமனார் தேர்ந்தெடுத்துக் கொடுத்த வண்டியை ஓட்டுபவர்களும் இருக்காங்க. அது தனி வீடியோ.)

பௌர்ணமி அன்னைக்கு வேற காட்சி. சென்னை, பெங்களூரு நம்பர் போட்ட 350-களும் டியூக்குகளும் வரிசையா நிற்கும். இருநூறு கிலோமீட்டர் வந்த வண்டி பார்க்கிங்கில் ஓய்வெடுக்க, ஓட்டி வந்தவர் 14 கிலோமீட்டர் கிரிவலம் நடந்து போவார். இதில் கிண்டல் எதுவும் இல்லை. அந்தப் பயணத்தின் சுகம் எனக்கும் தெரியும். ஆனா மாதத்தில் ஒரு நாள் வரும் அந்தப் பயணத்துக்காக, மீதி நாளெல்லாம் ஆபீஸுக்கு அதே கனமான வண்டியை டிராஃபிக்கில் தள்ளிக்கொண்டு போகிறோம்.

புல்லட் நம்ம சென்னை வண்டி. 1955-லிருந்து திருவொற்றியூரில் உருவானது. ரொம்ப காலம் அது ராணுவம், போலீஸ், ஊர்ப் பெரிய மனுஷன் இவர்களின் வண்டி. 2009-ல் கிளாசிக் வந்த பிறகுதான் முதல் சம்பளம் வாங்கும் பையனின் கனவாக மாறியது. வண்டியோடு சேர்த்து அந்தப் பழைய அதிகாரத்தின் சத்தமும் கொஞ்சம் நமக்குக் கிடைக்கிற மாதிரி ஒரு உணர்வு. ஆர்எக்ஸ் 100 தயாரிப்பு 1996-லேயே நின்றுபோச்சு. இன்னைக்கு நல்ல கண்டிஷனில் உள்ள ஒன்றைக் கேட்டுப் பாருங்க, புது வண்டி விலை சொல்வாங்க. அதுவும் சத்தத்துக்குத்தான்.

இப்போ என் கதை. 2015-ல் நானும் ஒரு 350 எடுத்தேன். சம்பளம் 14,500. அப்பாகிட்ட நான் சொன்ன காரணம், "ஹைவேல சேஃப்பா இருக்கும்ப்பா." உண்மையான காரணத்தை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. என் அப்பா எக்ஸ்எல்லில் வீடு வீடாகப் பால் ஊற்றியவர். காலேஜ் முடித்து வேலைக்குப் போன பிறகும் தெருவில் எனக்குப் பேர் 'பால்காரர் பையன்'. அந்தப் பேரை ஒரு வண்டி அழிச்சிடும்னு நினைச்சேன்.

கடன் ஒரு லட்சம். "ஒரு ரூபா வட்டிதான் சார், பயப்படாதீங்க" என்றார் ஃபைனான்ஸ்காரர். ஊரில் கைமாத்து வாங்குபவர்களுக்கு ஒரு ரூபா வட்டி ரொம்ப மலிவு. அதனால் நானும் தலையாட்டினேன். ஆனா அது ஃபிளாட் வட்டி. மூணு வருஷத்துக்கு 36,000 வட்டி, மொத்தம் 1,36,000, மாதம் 3,778. மாசா மாசம் அசலைத் திருப்பிக் கட்டிக்கொண்டே வந்தாலும், கடைசி மாதம் வரை முழு லட்சத்துக்கும் வட்டி போடுவார்கள். குறையும் அசலுக்கு மட்டும் வட்டி போடும் பேங்க் கணக்கில் பார்த்தால் இது 12 சதவீதம் இல்லை, 21 சதவீதத்துக்கும் மேல். அதைப் புரிஞ்சுக்க எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு.

ஒன்பதாவது மாதம் தங்கச்சிக்கு நர்சிங் சீட் கிடைத்தது. உடனே கட்ட வேண்டியது 40,000. என்கிட்ட 2,000 கூட இல்லை. அப்பா ஒரு கறவை மாட்டை விற்றார். பால்காரர் வீட்டில் மாடு விற்பது என்றால் என்னன்னு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

வண்டியை வித்துடறேன்னு சொன்னேன். அப்பா ஒத்துக்கவே இல்லை. "வேணாம்டா. நீ அந்த வண்டில வந்து இறங்கினப்போ தெருவே பார்த்துச்சு" என்றார். எனக்கு மட்டும்தான் அந்த ஆசைன்னு அதுவரைக்கும் நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

அதனால்தான் 'கெத்துக்காக வண்டி வாங்காதே' என்று நான் யாருக்கும் வகுப்பு எடுப்பதில்லை. கெத்து உண்மையான தேவைதான். ஆனா அதுக்கும் ஒரு விலை இருக்கு. அந்த விலையை 'சேஃப்டி', 'ரீசேல்' என்ற தலைப்புகளில் ஒளித்து வைக்காமல், கெத்து என்றே பேர் போட்டு எழுதணும்.

தம்பிக்கு எழுதிப் பார்த்தேன். மாதம் 25 நாள், 1,250 கிலோமீட்டர். 125 வண்டி லிட்டருக்கு 60, 350 வண்டி 35 கொடுக்கிறதுன்னு வைப்போம். வித்தியாசம் கிட்டத்தட்ட 15 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் 1,500. ரெண்டு வண்டிக்கும் விலை வித்தியாசம் ஒரு லட்சத்தைத் தாண்டும். அந்த ஒரு லட்சத்தை மட்டும் என்னை மாதிரியே 'ஒரு ரூபா வட்டி'யில் எடுத்தால் 3,778. ஆக மொத்தம் மாதம் 5,278. சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல், அதுவும் வித்தியாசத்துக்கு மட்டும். இன்சூரன்ஸிலும் அடி உண்டு. 2022-ல் அறிவித்த கட்டணப்படி புது வண்டிக்கு அஞ்சு வருஷத்துக்கான தேர்ட் பார்ட்டி, 150 சிசி வரை 3,851. அதைத் தாண்டினால் 7,365.

"ஜிஎஸ்டி குறைஞ்சிடுச்சே அண்ணா" என்பார். சரிதான். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரைக்கும் 28-லிருந்து 18 ஆகியிருக்கு, அதுக்கு மேலே போனால் 40. ஆனா அதே குறைப்பு 125-க்கும் உண்டு. விலை குறைஞ்சதுன்னு பெரிய வண்டிக்கு மாறினால் மிச்சமான காசு எங்கே போச்சு?

தம்பிக்கு நான் சொன்ன யோசனை இது. இன்னும் ஆறு மாதம் கம்பெனி பஸ்ஸிலேயே போங்க. மாதம் 5,278 ரூபாயை ஆர்டி கட்டுங்க. வீட்டில் யார்கிட்டயும் கை நீட்டாமல், ஒரு மாதமும் தவறாமல் கட்ட முடிந்தால் அந்த 31,668-ஐயும் முன்பணத்தில் சேர்த்து 350 எடுங்க, நானே வந்து சாவி வாங்கித் தர்றேன். நடுவில் ரெண்டு மாதம் விட்டுப்போனால் 125-தான். அதோடு, அந்த ஏழு காரணத்தையும் அடிச்சிட்டு உண்மையான ஒரு காரணத்தை மட்டும் எழுதி அனுப்புங்க என்று கேட்டேன்.

ரெண்டு நாள் கழித்து பதில் வந்தது. "ஊர்ல எல்லாரும் என்னை 'ஷூ கம்பெனி'ன்னு கூப்பிடுறாங்கண்ணா."

முதல் மாத ஆர்டி கட்டிட்டாராம். ரசீதை ஃபோட்டோ எடுத்து அனுப்பியிருக்கார்.