அரை மணி நேரக் கோரம்

நம் காரைக்குடி சேகரக் குழு கூடுவதற்குப் பாதி உறுப்பினராவது வந்தாக வேண்டும் என்பது பழைய விதி. அதன் வாலில் இப்போது ஒரு வரியை ஒட்டியிருக்கிறார்கள். அந்தக் குறைந்தபட்ச வருகை, அதாவது கோரம், சேராவிட்டால் அரை மணி நேரம் காத்திருந்து, வந்திருப்பவர்களை வைத்தே எந்தத் தீர்மானத்தையும் நிறைவேற்றலாமாம். இந்த வரியை நிறைவேற்றிய கூட்டத்துக்குக் கோரம் இருந்ததா என்று சபையார் கேட்கிறார்கள். வருகைப் பதிவேட்டைக் காட்டினால் முடிந்துபோகும் கேள்வி. இன்றுவரை காட்டவில்லை.

கூட்டத்தை ஒத்திவைப்பது உலகத்தில் இல்லாத ஏற்பாடு அல்ல. லாபத்துக்காக நடக்கும் கம்பெனிகளுக்கே 2013ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டத்தின் 174ஆவது பிரிவு வழி சொல்கிறது. இயக்குநர்களில் மூன்றில் ஒரு பங்கினர் அல்லது இருவர், இதில் எது அதிகமோ அதுவே கோரம். சேராவிட்டால் பொதுவாக அடுத்த வாரம் அதே கிழமை, அதே நேரம், அதே இடம். வராதவருக்குத் தகவல் போய்ச் சேரவும், அவர் வேலையை ஒதுக்கிவிட்டு வரவும்தான் அந்த ஒரு வாரம். அரை மணி நேரத்தில் யாருக்குத் தகவல் போகும்? கானாடுகாத்தானில் இருக்கும் உறுப்பினர் பஸ் பிடித்துக் காரைக்குடி வருவதற்குள் மினிட்ஸ் புத்தகத்தில் கையெழுத்தே விழுந்துவிடும்.

அதுவும் இந்த வரியை நிறைவேற்றிய கூட்டத்தை எப்போது கூட்டினார்கள்? வேலை நாள், பிற்பகல் மூன்று மணி. சிக்ரி ஆய்வு நிறுவனத்திலும் அழகப்பா பல்கலைக்கழகத்திலும் வேலை பார்ப்பவர்கள், பள்ளி ஆசிரியைகள், கடை வைத்திருப்பவர்கள் எவரும் வர முடியாத நேரம். ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எல்லோரும் கோயில் வாசலில்தானே நிற்கிறார்கள்? அங்கே அறிவித்து அன்றே கூடுவதில் என்ன தடை? முந்தின நாள் இரவு வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியைப் போட்டுவிட்டு, "தகவல் கொடுத்தோம், அவர்கள்தான் வரவில்லை" என்கிறார்கள். வர முடியாத நேரத்தில் கூட்டத்தை வைப்பதும், வராததையே காரணம் காட்டி விதியைத் தளர்த்துவதும் ஒரே கையின் வேலை.

ஐநூறு பேர் உள்ள ஊராட்சியில்கூடக் கிராம சபைக்கு ஐம்பது பேர் வேண்டும். மனைக் குத்தகை, பள்ளி நியமனம், வைப்பு நிதி எல்லாவற்றையும் கையாளும் குழுவுக்கு வந்திருக்கும் ஒருசிலரே போதுமா?

இவர்களை நம்பிப் பார்க்கலாம் என்பவர்களுக்குப் பழைய கதைகளை நினைவூட்ட வேண்டியிருக்கிறது. கல்லறைத் தோட்டத்துச் சுற்றுச்சுவருக்கு வீடு வீடாக வசூலித்தார்கள். சுவர் பாதியில் நிற்கிறது. அறுப்பின் பண்டிகைக் கணக்கை அடுத்த பண்டிகை வந்தும் வாசிக்கவில்லை. வாக்காளர் பட்டியலில் விடுபட்ட பெயர்களைத் தேர்தல் முடிந்த பிறகு சேர்த்தார்கள். அப்போதெல்லாம் முழுக் கோரம் இருந்தது, கேள்வி கேட்க நாலு பேர் இருந்தார்கள். அப்படியும் இந்தக் கதி.

உள்ளே கேட்கவிடாத கேள்வி நீதிமன்றத்தில்தான் கேட்கப்படும். 1947 செப்டம்பர் 27 அன்று சென்னையில் உருவான தென்னிந்தியத் திருச்சபை, சினாடு முதல் சேகரம் வரை சபையாருக்கும் ஆளுகையில் இடம் கொடுத்தது. அந்தத் திருச்சபையில் 2022 மார்ச்சில் பேராயர்களின் ஓய்வு வயதை 67இலிருந்து 70 ஆக்கும் திருத்தம் வந்தபோது, திருமண்டலங்களின் ஒப்புதல் முறைப்படி பெறப்பட்டதா என்பதே வழக்காயிற்று. 2024 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் ஓய்வுபெற்ற நீதிபதிகள் இருவரை நிர்வாகத்துக்கு நியமித்தது. அவ்வளவு பெரிய அமைப்புக்கு நேர்ந்ததைப் பார்த்த பிறகும் நம்மூர்க் குழுவார் பாடம் படிக்கவில்லை என்றால், அது அறியாமை அல்ல, துணிச்சல்.

திருமண்டலம் இதில் தலையிட வேண்டும். சபையாரும் பேசாமல் இருந்துவிடக் கூடாது. முறையான வழியில் ஏதாவது செய்தே ஆக வேண்டும். அந்த வரி நீக்கப்படும்வரை, அரை மணி நேரக் கூட்டத்தில் எடுக்கப்படும் எதையும் சபையின் முடிவாக நாம் ஏற்க மாட்டோம்.