எண்ணிக்கையில் வராதவர்கள்

“படிப்பவரே இல்லாத இணையப் பக்கத்துக்கு மன்றப் பணத்தை ஏன் செலவிட வேண்டும்?”

சென்ற மாதச் செயற்குழுவில் எழுந்த கேள்வி இது. கேட்ட நண்பரிடம் ஆதாரமும் இருந்தது. பக்கத்தில் நாம் பொருத்தியிருக்கும் வருகைக் கணக்குக் கருவி, நாள் ஒன்றுக்கு ஒற்றை இலக்கத்தையே காட்டிற்று. ஆனால் அந்த வாரம் நடந்த பொங்கல் விழாவில், அதே பக்கத்தில் வந்த ஒரு கட்டுரைக்காக என்னோடு மல்லுக்கு நின்றவர்களே பத்துப் பேருக்கு மேல்! அவர்களெல்லாம் எங்கே மறைந்தார்கள்?

விடை அவர்களுடைய கணிப்பொறியிலேயே இருந்தது. நம் விடுதியில் விளம்பரத் தடுப்பான் இல்லாத பிரவுசரைக் காண்பது அரிது. ரேமண்ட் ஹில் வெளியிட்ட ‘யூபிளாக் ஆரிஜின்’ போன்ற தடுப்பான்கள் விளம்பரத்தோடு நின்றுவிடுவதில்லை. வேவு பார்க்கும் முகவரிகளின் பட்டியலை வைத்துக்கொண்டு, அங்கே செல்லும் கோரிக்கைகளையும் மறித்துவிடுகின்றன. நம் கணக்குக் கருவி வேறொரு நிறுவனத்தின் சர்வரிலிருந்து வருவது. அதன் முகவரியும் அந்தப் பட்டியலில் உண்டு. ஆகவே கட்டுரை உள்ளே வருகிறது. கணக்குப்பிள்ளை வாசலிலேயே நின்றுவிடுகிறார்.

“தடுப்பானை நீக்கிவிட்டுப் படியுங்கள் என்று அறிவிப்போமே” என்றார் இன்னொரு நண்பர். நான் உடன்படவில்லை. ஒரு கட்டுரை படிக்க வந்தவர், தாம் எதைப் படிக்கிறோம் என்பதை முன்பின் அறியாத நிறுவனத்துக்கு ஏன் தெரிவிக்க வேண்டும்? 2019 முதல் பயர்பாக்ஸும் 2020 முதல் சஃபாரியும், நம்மைப் பின்தொடரும் பிறதளக் குக்கிகளைத் தாமாகவே தடுக்கின்றன. தம் வீட்டுக் கதவைத் தாழிடுவது குற்றமாகுமா?

கருவியும் பொய் சொல்லவில்லை, கண்டதைச் சொன்னது. அது காணாதவரை இல்லாதவர் என்று முடிவு கட்டியது நாம்தான்.

மாற்று வழி எளிது. யார் எந்தப் பக்கத்தைக் கேட்டாலும் நம் சர்வரே அதைத் தன் பதிவேட்டில் குறித்துக்கொள்கிறது. தேடுபொறிகளின் தானியங்கிகளும் அதில் கலந்திருக்கும்; அவற்றைக் கழித்து எண்ணினால் ஓரளவு உண்மை தெரியும். உறுப்பினர் படிவம் போன்றவற்றையும் வெளியாரிடம் இரவல் வாங்காமல் நம் தளத்திலேயே அமைத்துக்கொள்வோம். தடுப்பான் இருக்கும் பிரவுசரில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு வெளியிடுவோம்.

ஊரை விட்டு வந்த இடத்தில், தமிழில் எழுதவும் படிக்கவும் நமக்கு வாய்த்த இடங்கள் சிலவே. அவற்றுள் ஒன்றை, ஒரு கருவியின் கண்ணில் நாம் படவில்லை என்பதற்காக மூடிவிடலாமா?

அடுத்த கூட்டத்தில் தீர்மானம் வருகிறது. எண்ணிக்கையில் வராத நண்பர்களே, அன்றைக்கு நேரில் வந்து கை தூக்குங்கள்!