களையை அறிந்து களைய வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

காவிரிப் படுகையின் நடவு வயல்களில் முளைக்கும் குதிரைவாலிக் களை, இளம்பருவத்தில் நெல்லைப் போலவே தோன்றுவதால், களையெடுப்போரின் கண்ணுக்கு எளிதில் தப்பிவிடுகிறது. ஆயினும் இலையும் தண்டைச் சூழ்ந்த இலையுறையும் சேருமிடத்தை விரித்துப் பார்த்தால், நெல்லில் 'இலைநாக்கு' எனப்படும் மெல்லிய வெண்சவ்வு இருக்கும். இக்களையில் அது இராது. கோரையை அதன் முக்கோணத் தண்டே காட்டிக்கொடுக்கும். வரிசை நடவில், நட்ட 10 முதல் 15 நாளில் தொடங்கி, கோனோவீடர் எனும் உருளைக் களைக்கருவியை 10 நாள் இடைவெளியில் ஓட்டினால், களைகள் சேற்றில் அமிழ்ந்து மட்கி உரமாகும்; குத்துகளை ஒட்டி நிற்பவற்றைக் கையால் பறிக்க வேண்டும். பூக்கவிட்டால் விதை உதிர்ந்து அடுத்த போகத்தையும் கெடுக்கும் என்பதால், வேளாண்துறையினர் இவ்வடையாளங்களை நாற்றங்கால் பருவத்திலேயே உழவர்களுக்கு வயலில் நேரில் காட்டி விளக்க வேண்டும்.

இங்ஙனம்,
வாசகர், தஞ்சாவூர்