ஆறுமணிக் குருவி வந்துவிட்டதா?



ஐப்பசி நெருங்கும்போது எங்கள் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களுக்கு ஒரு விருந்தாளி வருகிறது. அதை நாம் முதலில் காண்பதில்லை, கேட்கிறோம். பொழுது புலரும் வேளையில் லயத்தின் பின்புறப் பற்றைக்குள்ளிருந்து இரட்டைச் சீழ்க்கை ஒன்று எழும். மாலையில் வெளிச்சம் மங்கும்போதும் அதே சத்தம். இரண்டு வேளையும் ஏறக்குறைய ஆறு மணிக்குக் கூவுவதால் நம்மவர்கள் அதற்கு ஆறுமணிக் குருவி என்று பெயர் வைத்தார்கள். கடிகாரம் இல்லாத லயங்களில் அந்தக் காலத்துப் பெண்கள் இதன் குரலைக் கேட்டே பெரட்டுக்குப் புறப்பட்டதாகச் சொல்வார்கள். "குருவி வந்திருச்சு, இனி தீபாவளி முற்பணமும் வரும்" என்று இன்றும் வேடிக்கையாகப் பேசிக்கொள்கிறார்கள்.

இது மைனாவை விடச் சிறிய பறவை. வால் கட்டையானது. முதுகு பச்சை, இறக்கையில் நீலம், வாலுக்கு அடியில் சிவப்பு, கண்ணின் குறுக்கே கறுப்புக் கோடு. ஹிந்தியில் இதை நவரங் என்பார்கள். சிங்களத்தில் அவிச்சியா. தன் அழகான உடையை மயில் எடுத்துக்கொண்டு போய்விட்டதென்று இது முறையிட்டுக் கூவுவதாகச் சிங்களக் கிராமங்களில் ஒரு கதை உண்டு.

மழைக்காலத்தில் இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கும் பறவை இது. அங்கே மழை ஓய்ந்ததும் தெற்கு நோக்கிப் புறப்பட்டு, கடலையும் தாண்டி, செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களில் இலங்கைக்கு வருகிறது. ஏப்ரல் அளவில் திரும்பிவிடும். இங்கிருக்கும் மாதங்களில் மர நிழலில் சருகைக் கிளறிப் புழு பூச்சிகளைத் தின்று உயிர் வாழ்கிறது. பயணக் களைப்பில் சில வேளைகளில் வீடுகளுக்குள்ளும் வந்து விழும்.

அப்படி ஒன்று கடந்த வருடம் இரத்தினபுரிப் பக்கத் தோட்டம் ஒன்றில், எங்கள் மாதர் சங்கக் கூட்டம் நடந்த லயத்து வாசலில் கிடந்தது. இரவெல்லாம் மழை. பிள்ளைகள் அதைக் கூடையால் மூடி, வளர்க்கப் போவதாகச் சொன்னார்கள். ஒருவன் வாயைத் திறந்து சோறு ஊட்டப் பார்த்தான். அறுபது வயதை எட்டிய ஓர் அக்கா எழுந்து போய் அதை மெதுவாக எடுத்தார். அட்டைப் பெட்டியொன்றில் காற்றுக்குத் துளையிட்டு, பழந்துணி விரித்து, குருவியை உள்ளே வைத்து மூடினார். "யாரும் தொறந்து பாக்கக் கூடாது" என்று சொல்லி இருட்டு மூலையில் வைத்தார்.

கூட்டம் முடிந்து எல்லோரும் போன பின் அவர் என்னிடம் பேசினார்.

1981 ஆகஸ்டில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களில் நம் மக்கள் தாக்கப்பட்டபோது அவருக்குப் பதினைந்து வயது. "நாங்க ஓடுன அன்னிக்கு ராத்திரி ஒரு சிங்கள அம்மா கதவத் தொறந்து உள்ள விட்டாங்க மிஸ். யாரு எவருன்னு ஒரு வார்த்த கேக்கல. தேத்தண்ணி குடுத்து, வெளக்க அணைச்சிட்டுப் படுக்கச் சொன்னாங்க. விடியக்காலம் வழி காட்டி விட்டாங்க. இதுக்கும் அதுதானே வேணும்?"

இவர்கள் குடும்பம் தோட்டத்துக்குத் திரும்பியது. மணம் முடித்திருந்த மூத்த சகோதரியின் குடும்பம் வவுனியாவுக்குப் போய், பின்னர் கிளிநொச்சியில் குடியேறியது. அங்கேயும் குருவி கூவுகிறது என்று அவர் வருடந்தோறும் எழுதுவாராம். போர் மூண்டதும் கடிதம் நின்றது. 2009இல் முகாமிலிருந்துதான் மீண்டும் செய்தி வந்தது. சகோதரி உயிரோடு இருந்தார். அவருடைய மூத்த மகனைப் பற்றி இன்றுவரை தகவல் இல்லை. இப்போது குருவியின் முதல் குரலைக் கேட்பவர் மற்றவருக்குத் தொலைபேசி எடுக்கிறார். அன்று மகனைப் பற்றி இருவரும் பேசுவதில்லை. குருவியைப் பற்றி மட்டும் பேசுவார்களாம்.

சகோதரிகளே, சமூகவியல் படித்துவிட்டு இந்தப் பணிக்கு வந்தவள் நான். பாதிக்கப்பட்ட பெண் ஒருவரைச் சந்தித்தால் முதலில் படிவத்தை எடுத்து, என்ன நடந்தது, எப்போது நடந்தது, யார் யாரை இழந்தீர்கள் என்று கேட்பதே என் வழக்கம். அந்த அக்காவை நான்கு வருடங்களாக அறிவேன். என் படிவத்தில் அவர் பெயருக்கு நேரே "பாதிப்பு இல்லை" என்றே எழுதியிருந்தேன்! அன்று நான் எதையும் கேட்கவில்லை. அதனால்தான் அவர் சொன்னார் என்று நினைக்கிறேன். இப்போதெல்லாம் முதற்சந்திப்பில் படிவம் என் பைக்குள்ளேயே இருக்கிறது.

மாலை ஐந்தரைக்குப் பெட்டியைப் பற்றை ஓரத்தில் வைத்துத் திறந்தோம். குருவி சற்று நேரம் அப்படியே இருந்தது. பிறகு தத்தித் தத்திச் சருகுக்குள் போய் மறைந்தது.

உங்கள் வீட்டிலும் களைத்த குருவி விழுந்தால் இவ்வளவுதான் செய்ய வேண்டும்: பூனைக்கு எட்டாத இடம், இருட்டு, அமைதி. வாயில் எதையும் ஊற்ற வேண்டாம். தெளிந்ததும் வெளிச்சம் இருக்கும்போதே மரநிழலில் விட்டுவிடுங்கள். கூண்டில் அடைக்க வேண்டாம். வளவின் ஒரு மூலையிலாவது சருகைக் கூட்டி எரிக்காமல் விட்டால் அதற்கு இரை கிடைக்கும்.

வன்னியிலும் கிழக்கிலும் இருக்கும் உங்கள் வேலியோரங்களுக்கும் இது வரும். முதற்குரல் கேட்ட நாளைக் கலண்டரில் குறித்து வையுங்கள். அதை யாருக்காவது சொல்ல வேண்டும் என்று தோன்றினால், அன்றைக்கே அழைத்துச் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் சந்திப்போம்.