உடம்பு பெட்ரோல் கார்... உயிர் பேட்டரி! வீட்டு ஷெட்டில் மாறும் கிளாசிக் கார்கள்: எங்கே சிக்கல்?

2018 மே 19. பிரிட்டன் இளவரசர் ஹாரி - மேகன் திருமண நாள். மாலை விருந்துக்காக விண்ட்சர் கோட்டையில் இருந்து புதுமணத் தம்பதி கிளம்பிய காட்சியை உலகமே டிவியில் பார்த்தது. அவர்கள் வந்தது 1968-ம் ஆண்டு ஜாகுவார் இ-டைப் ஸ்போர்ட்ஸ் காரில். ஆனால், அந்தக் காருக்கே உரிய உறுமல் மட்டும் கேட்கவில்லை. காரணம், உள்ளே என்ஜினே கிடையாது. பேட்டரியும் மோட்டாரும்தான்.

அது ஜாகுவார் நிறுவனமே செய்த மாற்றம். அதே வேலையை பிரிட்டனில் சிலர் தங்கள் வீட்டு ஷெட்டிலேயே செய்கிறார்கள். அது அவ்வளவு ஈஸியா? மாற்றிய பிறகும் அது பழைய கார்தானா? பார்க்கலாம்.

என்னென்ன மாற்ற வேண்டும்?

1962 முதல் 1980 வரை தயாரான எம்.ஜி.பி காரை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். இரண்டு பேர் உட்காரும் சின்ன ஸ்போர்ட்ஸ் கார். 1.8 லிட்டர் பெட்ரோல் என்ஜின்.

முதலில் என்ஜின், பெட்ரோல் டேங்க், சைலன்சர் எல்லாம் வெளியே வரும். விபத்தில் சிக்கி உடைக்க வந்த நிசான் லீஃப் போன்ற எலெக்ட்ரிக் காரில் இருந்து மோட்டாரும் பேட்டரியும் வாங்குவார்கள். மோட்டாரை பழைய கியர்பாக்ஸுடன் இணைக்க, அளவெடுத்துக் கடைந்த ஓர் உலோகத் தகடு வேண்டும்.

அதோடு முடியாது. மோட்டாரை இயக்க இன்வெர்ட்டர், வீட்டு கரன்ட்டில் சார்ஜ் ஏற்ற சார்ஜர், ஒவ்வொரு செல்லையும் கண்காணிக்கும் கருவி, ஹெட்லைட்டுக்கும் ஹாரனுக்கும் 12 வோல்ட் தரும் கன்வெர்ட்டர் ஆகியவையும் வேண்டும். என்ஜின் சூட்டில் இயங்கிய ஹீட்டருக்குக்கூட மாற்று ஏற்பாடு செய்தாக வேண்டும்.

மோட்டார் ஓகே... பேட்டரிதான் தலைவலி!

மோட்டார் சின்னது. பழைய என்ஜின் இருந்த இடத்தில் சுலபமாக உட்கார்ந்துவிடும். பேட்டரி அப்படியில்லை.

முதல் தலைமுறை லீஃப் காரின் பேட்டரி 24 கிலோவாட் ஹவர். இரும்புக் கூட்டோடு சேர்த்து எடை ஏறக்குறைய 300 கிலோ. ஆனால், அதில் இருக்கும் மொத்த ஆற்றல் 3 லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிடக் குறைவு!

அப்படியென்றால் கார் எப்படி ஓடுகிறது? பெட்ரோல் என்ஜின் தன் எரிபொருளில் பெரும்பகுதியை வெப்பமாக வீணடித்துவிடும். மோட்டாரில் அந்த வீணடிப்பு மிகக் குறைவு. அதனால் கார் ஓடும். ஆனாலும், ஒரு சார்ஜில் ஊருக்குள் சுற்றி வரலாமே தவிர, நெடும்பயணத்தை நினைக்க முடியாது.

இந்த எடையை எங்கே வைப்பது? லீஃப் பேட்டரிக்குள் 48 மாட்யூல்கள் உண்டு. அவற்றைப் பிரித்து, பாதியை முன்பக்கமும் பாதியை டிக்கியிலும் அடுக்குவது ஒரு வழி. எடை ஒரே பக்கம் குவிந்தால் வளைவில் கார் கட்டுப்பாட்டை இழக்கலாம். சஸ்பென்ஷனையும் பிரேக்கையும்கூட பலப்படுத்த வேண்டி வரும்.

கை வைத்தால் ஆபத்து

வீட்டு பிளக்கில் வருவது 230 வோல்ட். இந்த பேட்டரியில் இருப்பது சுமார் 360 வோல்ட், அதுவும் டிசி மின்சாரம். சாவியை எடுத்தால் அணைந்துவிடும் பெட்ரோல் என்ஜின் மாதிரி இதை முழுசாக ஆஃப் செய்யவே முடியாது. இணைப்பைத் துண்டித்தாலும் செல்களுக்குள் மின்சாரம் இருக்கும். இன்வெர்ட்டரில் இருக்கும் கெப்பாசிட்டரும் சிறிது நேரம் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கும். ஸ்பானர் பிடிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது என்பது இதனால்தான்.

14 மார்க் கணக்கு

பழைய காரை மாற்றினால் பழைய நம்பரை வைத்துக்கொள்ளலாமா? இதற்கு பிரிட்டன் வாகனப் பதிவுத் துறை நீண்ட காலம் ஒரு மார்க் முறை வைத்திருந்தது. சேஸிஸ் அல்லது அடிப்படை பாடிக்கு 5 மார்க். சஸ்பென்ஷன், ஆக்சில், கியர்பாக்ஸ், ஸ்டீயரிங் ஒவ்வொன்றுக்கும் 2. என்ஜினுக்கு வெறும் 1. மொத்தம் 14-ல் குறைந்தது 8 வேண்டும்.

என்ஜினும் கியர்பாக்ஸும் போனால்கூட 11 மார்க் மிஞ்சும். ஆனால் பேட்டரிக்கு இடம் போதவில்லை என்று பாடியை வெட்டினால் இன்னும் 5 போய்விடும். மிஞ்சுவது 6. காரின் பழைய அடையாளமே காலி!

2025 ஆகஸ்ட் 26 முதல் இந்தக் கெடுபிடி தளர்ந்தது. எலெக்ட்ரிக்காக மாற்றிய கார்களும் பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். ஆனால், மாற்றத்தை அந்தத் துறைக்குத் தெரிவித்தாக வேண்டும்.

அது அதே கார்தானா?

சட்டம் இறங்கி வந்தாலும் பழைய கார் ஆர்வலர்கள் இறங்கி வரவில்லை. எலெக்ட்ரிக்காக மாற்றிய கார் தங்கள் வரையறைப்படி வரலாற்று வாகனம் ஆகாது என்று, பழைய வாகனங்களுக்கான சர்வதேச கூட்டமைப்பான ஃபிவா 2019-ல் சொன்னது. அப்படியும் மாற்றுகிறவர்களுக்கு அது சொன்ன யோசனை: மீண்டும் பழையபடி ஆக்க முடிகிற மாதிரி மாற்றுங்கள், கழற்றிய ஒரிஜினல் பாகங்களைக் குறித்து, பத்திரமாக வையுங்கள்.

ஆஸ்டன் மார்ட்டின் நிறுவனம் 2018 டிசம்பரில் காட்டிய வழியும் இதுதான். என்ஜின் உட்காரும் அதே இடத்தில் பொருந்தும் ஒரு பேட்டரிப் பெட்டி. வேண்டாம் என்றால் அதைக் கழற்றிவிட்டு, என்ஜினையே மாட்டிக்கொள்ளலாம்.

நம்மூரில் செய்யலாமா?

இந்தியாவில் வீட்டில் வைத்து இஷ்டப்படி மாற்ற அனுமதி இல்லை. ஒப்புதல் பெற்ற கிட், அங்கீகரிக்கப்பட்ட மையம், ஆர்.சி புத்தகத்தில் திருத்தம் எல்லாமே கட்டாயம். தவிர, 50 வயதைத் தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாமல் அசல் வடிவில் பராமரிக்கப்படும் வண்டிக்குத்தான் 2021 விதிப்படி 'விண்டேஜ்' அந்தஸ்து. தாத்தா ஓட்டிய அம்பாசிடரில் என்ஜினைத் தூக்கிவிட்டு மோட்டார் வைத்தால், அந்த அந்தஸ்தை மறந்துவிட வேண்டியதுதான்.

ஆக, கிளாசிக் காரை எலெக்ட்ரிக் ஆக்குவதில் முக்கியமான கேள்வி எந்த மோட்டார் என்பதல்ல; எதை வெட்டாமல் விடுவது என்பதுதான். கழற்றி வைத்த என்ஜினை பேரப்பிள்ளைகள்கூட திரும்ப மாட்டிக்கொள்ளலாம். வெட்டிய பாடி வெட்டியதுதான்.