கொல்லிமலையில் ஒரு ரிவால்வரும் என் கையெழுத்தும்

1. போன மாசம் கொல்லிமலையில் என் கிளினிக்குக்கு ஒரு மிளகுத் தோட்டக்காரர் வந்தார். வயசு 58. சுகர் கட்டுப்பாட்டில் இருக்கு, பிரஷர் நார்மல். கையில் ஒரு படிவம். "டாக்டர், துப்பாக்கி லைசென்ஸுக்கு மெடிக்கல் சர்ட்டிபிகேட் கேக்கறாங்க. ஒரு கையெழுத்து போட்டுக் குடுங்க" என்றார். (அவர் அனுமதியோடு, அடையாளங்களை மாற்றி எழுதுகிறேன்.)

2. எதுக்குண்ணா துப்பாக்கின்னு கேட்டேன். "சின்ன ரிவால்வர்தானுங்க. இடுப்புல சொருகிக்கலாம். மிளகு வித்த காசு வீட்டுல இருக்குது. பக்கத்து வீடே அரை கிலோமீட்டர்."

3. இந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். 2024 நவம்பரில் பல்லடம் பக்கம் சேமலைக்கவுண்டம்பாளையத்தில் தோட்டத்து வீட்டில் அப்பா, அம்மா, மகன் மூன்று பேரும் கொல்லப்பட்டார்கள். 2025இல் சிவகிரி அருகே தனியா இருந்த வயதான தம்பதி. அதுக்கப்புறம் தோட்டத்து வீடுகளில் யாரும் நிம்மதியா தூங்கல. உண்மை.

4. அவர் கேட்ட மாதிரி துப்பாக்கி நம்ம நாட்டிலேயே தயாராகுது. டெல்லி நிர்பயா கொடூரத்துக்குப் பிறகு, 2014 ஜனவரியில் கான்பூர் அரசு ஆயுதத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற ரிவால்வரைப் பெண்களுக்கென்று அறிமுகப்படுத்தியது. எடை சுமார் 500 கிராம். விலை அப்பவே ஒரு லட்சத்துக்கும் மேல். ஹேண்ட்பேக்கில் அடங்கும். சரி, அது காப்பாத்துமா?

5. முதலில் உடம்பு என்ன செய்யும்னு பாருங்க. திடீர்னு ஆபத்து வந்தால் அட்ரினலின் பாயும். நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், பார்வை ஒரே புள்ளியில் குவியும். நுணுக்கமான விரல் வேலைதான் முதலில் சொதப்பும். தூக்கத்திலிருந்து எழுந்து, இருட்டில், பெட்டியைத் திறந்து, குறி பார்த்து... போலீஸ்காரர்கள் இதுக்குத்தான் திரும்பத் திரும்பப் பயிற்சி எடுக்கிறாங்க. நாம?

6. வல்வில் ஓரி ஆண்ட மலை இது. அவன் விட்ட ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் துளைத்ததா இங்க சின்னப் பிள்ளைகூட சொல்லும். அது வீரக் கதை. ஆனா தோட்டாவும் அப்படித்தான். திருடன் மேல பட்டாலும் படாட்டியும், பின்னால் கதவுக்கு அந்தப் பக்கம் படுத்திருக்கும் பேத்திவரை போகும்.

7. குண்டடி பட்டால் அடுத்து என்ன? தொடையிலோ வயிற்றிலோ பெரிய ரத்தக்குழாய் கிழிந்தால் கையில் இருப்பது நிமிடக் கணக்குதான். பெரிய ஆபரேஷனுக்கு மலை இறங்கணும். சோளக்காட்டிலிருந்து காரவள்ளிவரை 70 கொண்டை ஊசி வளைவு. 108 வண்டி எவ்வளவு வேகமா வந்தாலும் வளைவைக் குறைக்க முடியாது.

8. மலைக்குத் துப்பாக்கி புதுசில்லை. பன்றி விரட்ட நாட்டுத் துப்பாக்கி வச்சிருப்பாங்க. உரிமம் இல்லாததை ஒப்படைச்சிடுங்கன்னு காவல்துறையும் அவ்வப்போது ஊர் ஊரா சொல்லிட்டு வருது. நான் அதில் அடிபட்டவங்களுக்குக் கட்டுப் போட்டிருக்கேன். ஒருத்தர் உடம்பில்கூட திருடனோடு சண்டை போட்டு வந்த காயம் இல்லை. மருந்து கெட்டிக்கும்போது வெடிச்சது, இருட்டில் பன்றின்னு நினைச்சு மச்சானைச் சுட்டது, பையன் எடுத்து விளையாடினது. இவ்வளவுதான்.

9. என் அனுபவம் சின்னது. 1986இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வைப் பாருங்க. ஆர்தர் கெல்லர்மன் என்ற மருத்துவரும் அவர் சகாவும் சியாட்டில் இருக்கும் கிங் கவுண்டியில் ஆறு வருட மரணங்களை ஆராய்ந்தார்கள். துப்பாக்கி இருந்த வீட்டுக்குள்ளேயே நடந்த சாவுகள் 398. அதில் உள்ளே நுழைய வந்து சுடப்பட்டவர்கள் 2. தற்காப்பில் கொல்லப்பட்டவர்கள் 7. தற்கொலை 333.

10. நேர்மையா ஒன்றையும் சொல்லிடறேன். அது ஒரு ஊர், ஒரு காலம். சுடாமல் காட்டியே விரட்டின சம்பவங்கள் அந்தக் கணக்கில் இல்லை. அந்த எண்ணை அப்படியே நம்மூருக்குப் பொருத்த முடியாது. ஆனா திசை புரியுது இல்லையா? வீட்டுத் துப்பாக்கி அதிகமா பாயறது வீட்டு ஆள் மேலதான்.

11. நம்மூர் உதாரணம் வேணுமா? 1967 ஜனவரி 12, ராமாபுரம் தோட்டம். எம்.ஜி.ஆரைச் சுட்டது முகம் தெரியாத கொள்ளையன் இல்லை. கூடவே நடித்த எம்.ஆர்.ராதா. இருவருமே குண்டடி பட்டுப் பிழைத்தார்கள். ஆனால் எம்.ஜி.ஆரின் குரல் கடைசிவரை பழையபடி திரும்பவில்லை.

12. தற்கொலை எண்ணம் பல பேருக்கு அலை மாதிரி. சில நிமிஷம், சில மணி நேரம். அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் என்ன இருக்கு என்பதே உயிரைத் தீர்மானிக்கும். இலங்கை 1995 வாக்கில் கடும் விஷமுள்ள பூச்சிமருந்துகளை நிறுத்தியது. அடுத்த பத்து வருசத்தில் தற்கொலை விகிதம் சுமார் பாதியானது. மக்களின் துக்கம் குறைந்து விடவில்லை. கையில் கிடைப்பது மாறியது.

13. தோட்டக்காரரிடம் வருகிறேன். 2016 ஆயுத விதிகள்படி விண்ணப்பதாரரின் உடல், மனநலம் பற்றி மருத்துவர் சான்று தரணும். அவர் நலமா இருக்கார். என் சொந்தக் கருத்துக்காக 'தகுதியில்லை'ன்னு பொய் எழுத முடியாது. உரிமம் தருவதா வேண்டாமா என்பது ஆட்சியர் முடிவு. ஆனா கேள்வி கேட்க எனக்கு உரிமை இருக்கு.

14. "அண்ணா, எங்க வைப்பீங்க? சாவி யார்கிட்ட இருக்கும்? வீட்டுல யாராவது மனசு உடைஞ்சு போயிருக்காங்களா?" முதல் இரண்டுக்கும் டக்குனு பதில் வந்துச்சு. மூணாவதுக்கு ரொம்ப நேரம் தரையைப் பார்த்துட்டு இருந்தார். "பெரியவன் காலேஜை விட்டுட்டு வந்துட்டானுங்க. ரூமை விட்டே வெளிய வர்றதில்ல."

15. படிவத்தில் விண்ணப்பதாரரைப் பற்றித்தான் கேள்வி. வீட்டில் இருப்பவர்களைப் பற்றி இல்லை. "நீங்க ஃபிட்டுன்னு இப்பவே எழுதித் தர்றேன். ஆனா முதல்ல பையனைக் கூட்டிட்டு வாங்க" என்றேன். படிவத்தை மடித்துப் பாக்கெட்டில் வைத்துக்கொண்டார். மறுநாள் காலை பையனோடு வந்தார். சிகிச்சை நடக்குது. படிவம் இன்னும் வரல.

16. அப்ப திருடனுக்கு என்ன வழி? காசை வீட்டில் வைக்காதீங்க, வங்கியில் போடுங்க. வாசலுக்கு நல்ல வெளிச்சம், உறுதியான தாழ்ப்பாள், இரண்டு நாய், ஒரு கேமரா. பக்கத்துத் தோட்டத்தோடு ராத்திரி ஒரு போன் ஏற்பாடு. அவசரத்துக்கு 112. 'காவல் உதவி' செயலியை இன்னைக்கே போனில் ஏத்திக்குங்க. தனித் தோட்டங்களுக்கு இரவு ரோந்து கேட்டு ஊரே சேர்ந்து மனு கொடுங்க. அது உங்க உரிமை. பாதுகாப்பு கொடுக்க வேண்டியது அரசு. அந்தப் பொறுப்பை ஒரு லட்ச ரூபாய்க்கு நாம விலைக்கு வாங்கிட முடியாது.

17. ஏற்கெனவே உரிமத்தோடு வச்சிருக்கீங்களா? தோட்டாவைத் தனியா, துப்பாக்கியைத் தனியா பூட்டுங்க. வீட்டில் யாருக்காவது மனசு சரியில்லைன்னா அது வீட்டில் இருக்கவே கூடாது. காவல் நிலையத்தில் ஒப்படைப்பது பற்றிக் கேளுங்க.

18. உங்களுக்கோ உங்க வீட்டிலோ யாருக்காவது வாழப் பிடிக்கலைன்னு தோணினால் 104 அல்லது 14416க்குக் கூப்பிடுங்க. ராத்திரி எந்த நேரமானாலும் பரவாயில்லை.

அந்த மூணாவது கேள்வியை மட்டும் இன்னைக்கு உங்க வீட்டில் கேட்டுப் பாருங்க.