கழுதைக்குச் சேணம் வைப்பது யார்?



ஆண்டுதோறும் டிசம்பர் 16ஆம் நாளை நம் நாடு வெற்றி நாளாக நினைவுகூருகிறது. 1971இல் அந்த நாளில்தான் டாக்காவில் பாகிஸ்தான் படை சரணடைந்தது; வங்கதேசம் விடுதலை பெற்றது. அப்போரில் பங்குகொண்ட ஓர் இராணுவ அதிகாரியைக் குறித்து இந்த வாரம் எழுத விரும்புகிறேன். அவர் மேஜர் ஜெனரல் இயான் கார்டோசோ. 1937இல் மும்பையில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். தேசியப் பாதுகாப்பு அகாடமியில் தங்கப் பதக்கம் பெற்று, கூர்க்கா படைப்பிரிவில் அதிகாரியானவர். சேனா பதக்கமும் அதிவிசிஷ்ட சேவா பதக்கமும் அணிந்தவர்.

இவரைப் பலரும் ஒரே ஒரு செயலினால் அறிந்திருக்கிறார்கள். தம் காலைத் தாமே வெட்டிக்கொண்ட வீரர் இவர். பிரசங்க மேடைகளிலும் இந்தச் சம்பவம் எடுத்துச் சொல்லப்படுவதுண்டு. இடறலுண்டாக்கும் அவயவத்தைக் குறித்து ஆண்டவர் சொன்ன போதனைக்கு இதை உதாரணமாகக் காட்டுகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடில்லை. கார்டோசோவின் கால் அவருக்கு இடறலாக இருக்கவில்லை. ஒரு கண்ணிவெடி அதைச் சிதைத்துவிட்டது, அவ்வளவே. அவருடைய வாழ்க்கையில் நாம் கற்கவேண்டிய தைரியம் அந்தச் சில நிமிடங்களில் மட்டும் இல்லை. அதன்பின் வந்த நீண்ட ஆண்டுகளில் அது இருக்கிறது. அந்த ஆண்டுகளை நாம் பேசுவதில்லை. ஏன் பேசுவதில்லை என்பதற்குக் காரணம் உண்டு. அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் நடந்ததைச் சொல்லவேண்டும்.

1971இல் போர் மூண்டபோது அவர் நம்முடைய நீலகிரியில், வெலிங்டன் பணியாளர் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தார். அவருடைய படைப்பிரிவாகிய ஐந்தாம் கூர்க்கா ரைபிள்ஸின் நான்காம் பட்டாலியன் கிழக்கு முனையில் போரிட்டுக்கொண்டிருந்தது. அதன் துணைத் தளபதி போரில் விழுந்துவிட்டார். அந்த இடத்தை நிரப்ப கார்டோசோவுக்கு உத்தரவு வந்தது. இறந்தவரின் இடத்துக்குப் போகிறோம் என்று தெரிந்தே அவர் புறப்பட்டுப் போனார். கூர்க்கா வீரர்களின் நாவுக்கு அவருடைய பெயர் வசப்படவில்லை. ஆகவே அவரைக் 'கார்த்தூஸ் சாப்' என்று அழைத்தார்கள். கார்த்தூஸ் என்றால் துப்பாக்கித் தோட்டா. அந்தப் பெயர் அவரோடு இன்றுவரை நிலைத்துவிட்டது.

டிசம்பர் 7ஆம் நாள் அந்தப் பட்டாலியன் ஹெலிகாப்டர்களில் ஏற்றப்பட்டு, சில்ஹெட் நகருக்கருகே பகைவர் நடுவில் இறக்கப்பட்டது. இந்திய இராணுவம் அவ்விதமாக நடத்திய முதல் தாக்குதல் அதுதான். முந்தைய சண்டைகளில் அந்தப் பட்டாலியன் ஏற்கெனவே பலரை இழந்திருந்தது; எஞ்சியிருந்தவர்கள் ஐந்நூறு பேருக்கும் குறைவு. எதிரே இருந்ததோ பல மடங்கு பெரிய படை. அப்பொழுது ஒரு விந்தை நடந்தது. கூர்க்கா பிரிகேட் ஒன்று சில்ஹெட்டில் இறங்கியிருக்கிறது என்று பிபிசி வானொலி தவறாக அறிவித்தது. ஒரு பிரிகேட் என்றால் மூன்று பட்டாலியன்கள். இவர்களும் அந்தத் தவறைத் திருத்தாமல், ஒரு பிரிகேட் பரவி நிற்பதைப்போல அகலமாகப் பரவி நின்றார்கள். இறுதியில் மூன்று பிரிகேடியர்களும் ஏறத்தாழ 7,000 பேரும் அங்கே சரணடைந்தார்கள். கிதியோனின் முந்நூறு பேரும் அவர்களுடைய பானைகளும் தீவட்டிகளும் உங்கள் நினைவுக்கு வரக்கூடும். எனக்கும் வந்தது.

சண்டை ஓய்ந்தபின்பே அவர் கண்ணிவெடியின்மேல் கால் வைத்தார். அவ்வூர் மனிதர் ஒருவர் அவரைத் தூக்கிக்கொண்டுவந்து முகாமில் சேர்த்தார். வலியை அடக்கும் மருந்து கையிருப்பில் இல்லை. வெட்டுவதற்குரிய கருவிகளும் இல்லை. சிதைந்த கால் தொங்கிக்கொண்டிருந்தது. உடனிருந்த கூர்க்கா வீரரிடம் குக்ரியைக் கொண்டு வெட்டச் சொன்னார். அந்த வீரரால் இயலவில்லை. குக்ரியைத் தாமே வாங்கி வெட்டிக்கொண்டு, அந்தக் காலைக் கொண்டுபோய்ப் புதைத்துவிடும்படி சொன்னார். வங்கதேசத்தில் எனக்குக் கொஞ்சம் நிலம் சொந்தமாக இருக்கிறது என்று பிற்காலத்தில் அதை வேடிக்கையாகச் சொல்லுவார்.

முறையான அறுவைச் சிகிச்சை இன்னும் தேவைப்பட்டது. இந்தியப் பகுதிக்குக் கொண்டுசெல்ல ஹெலிகாப்டர் கிடைக்கவில்லை. சரணடைந்தவர்களுக்குள் மேஜர் முகமது பஷீர் என்ற பாகிஸ்தானிய மருத்துவர் இருந்தார். அவர் தம்மைத் தொடக்கூடாது என்று கார்டோசோ மறுத்தார். அவருடைய தளபதி வற்புறுத்தியபின் இணங்கினார். ஆனாலும் பாகிஸ்தானியரின் இரத்தம் தமக்கு ஏற்றப்படக்கூடாது என்றார். இந்தப் பிடிவாதத்தை வீரத்தின் கணக்கில் சேர்த்துச் சொல்லுகிறவர்கள் உண்டு. நான் சேர்க்கமாட்டேன். போரின் கசப்பு இன்னும் வடியாத ஒரு மனிதனின் பேச்சு அது. அதற்குமேல் அதைப் பெருமைப்படுத்த வேண்டியதில்லை. எருசலேமிலிருந்து எரிகோவுக்குப் போன வழியில் குற்றுயிராய்க் கிடந்த மனிதன், எண்ணெயும் திராட்சரசமும் வார்க்க வந்தவன் எந்த ஜாதியான் என்று கேட்டிருந்தால் அவன் கதி என்னவாகியிருக்கும்? பஷீர் அந்தச் சிகிச்சையைச் செம்மையாகச் செய்தார். கைதியாக இருந்த ஒருவர், தம்மைச் சிறைப்படுத்தியவர்களுள் ஒருவரின் உயிரைக் காத்தார். அவருக்கு நன்றி சொல்ல முடியாமற்போனதைப் பற்றிக் கார்டோசோ பிற்காலத்தில் மனவருத்தத்தோடு பேசியிருக்கிறார். அந்த வருத்தத்தை அவருடைய பதக்கங்களுக்கு நிகராக நான் மதிக்கிறேன்.

இனி நான் சொல்லவந்த பகுதி. அப்பொழுது அவருக்கு வயது 34. செயற்கைக் கால் பொருத்தப்பட்டு ஊர் திரும்பினார். நாட்டுக்கு ஒரு காலைக் கொடுத்தவர். ஆகவே ஒரு நாற்காலியும் கோப்புகளும் ஓய்வூதியமும் மரியாதையும் காத்திருந்தன. அவற்றை ஏற்றுக்கொண்டிருந்தால் யாரும் குறைசொல்லியிருக்கமாட்டார்கள். ஆனால் அவர் கேட்டது வேறு. போர்முனையில் ஒரு பட்டாலியனுக்குத் தலைமை தாங்கவேண்டும் என்று கேட்டார். இராணுவத்தில் அதுவரை கால் இழந்த எவருக்கும் காலாட்படைப் பட்டாலியன் கொடுக்கப்பட்டதில்லை.

அதிகாரிகள் தயங்கியதை நான் குறைகூறமாட்டேன். மலைச்சரிவில் தளபதி தடுமாறி விழுந்தால், ஆபத்து அவருக்கு மட்டுமல்ல, அவரை நம்பிப் பின்னே வருகிற நூற்றுக்கணக்கானோருக்கும். இந்த நியாயமான கேள்விக்கு அவர் கண்ணீராலோ தியாகத்தை நினைவூட்டியோ பதில் சொல்லவில்லை. சோதித்துப் பாருங்கள் என்றார். எல்லா அதிகாரிகளுக்கும் உரிய உடற்தகுதி ஓட்டத்தில் தம்மையும் சேர்க்கக் கேட்டார். மருத்துவ அதிகாரி தடுத்தும் ஓடினார். இரண்டு கால்களும் உள்ள ஏழு அதிகாரிகளைத் தமக்குப் பின்னே விட்டு ஓடி முடித்ததாக அவரே சொல்லியிருக்கிறார்.

அதுவும் போதவில்லை. பின்பு விஷயம் தரைப்படைத் தலைவர் ஜெனரல் ரெய்னாவிடம் போயிற்று. அவர் கார்டோசோவை லடாக்குக்குத் தம்மோடு அழைத்துச்சென்றார். பனியிலும் மலையிலும் அவர் நடப்பதைத் தம் கண்ணாலேயே பார்த்தார். பார்த்தபின் அனுமதி கொடுத்தார். 'தம் கண்ணால்' என்று எழுதும்போது என் கை சற்றே நின்றது. ஜெனரல் ரெய்னா இரண்டாம் உலகப் போரில் ஒரு கண்ணை இழந்தவர். மீதியிருந்த ஒரே கண்ணோடு தரைப்படையின் தலைமைவரை உயர்ந்தவர். இரண்டு கண்ணும் உள்ளவர்கள் கோப்பைப் பார்த்தார்கள். ஒரு கண் உள்ளவர் மனிதனைப் பார்த்தார்.

இவ்விதமாக, இந்திய இராணுவத்தில் உடலுறுப்பை இழந்தபின் காலாட்படைப் பட்டாலியனுக்கும் பின்பு பிரிகேடுக்கும் தலைமை வகித்த முதல் அதிகாரி கார்டோசோ ஆனார். மேஜர் ஜெனரலாக ஓய்வுபெற்றார். அதன்பின் இந்திய மறுவாழ்வு மன்றத்தின் தலைவராக மாற்றுத்திறனாளிகளுக்காக உழைத்தார். செயற்கைக் காலோடு மும்பை மாரத்தானில் ஓடினார்.

பிரியமானவர்களே, இந்தச் சரித்திரத்தை வாசித்தபோது என் சிந்தை 2 சாமுவேல் புத்தகத்துக்குத் திரும்பிற்று. யோனத்தானின் குமாரனாகிய மேவிபோசேத்தும் போரினால் முடவனானவன்தான். சவுலும் யோனத்தானும் மடிந்த செய்தி வந்த நாளில், தாதி அவனைத் தூக்கிக்கொண்டு ஓடுகையில் அவன் விழுந்தான். அப்போது அவனுக்கு ஐந்து வயது. பிற்பாடு தாவீது அவனை லோதேபாரிலிருந்து அழைப்பித்துத் தன் பந்தியில் நித்தமும் அப்பம் புசிக்கச் செய்தான். ஒன்பதாம் அதிகாரத்தில் உள்ள இந்தப் பகுதியை நாம் மிகவும் நேசிக்கிறோம். கிருபைக்கு இது சிறந்த சித்திரம் என்று பிரசங்கிக்கிறோம். சரியே. ஆனால் பத்தொன்பதாம் அதிகாரத்திலும் மேவிபோசேத் வருகிறான்; அதை நாம் அதிகம் பிரசங்கிப்பதில்லை.

அப்சலோம் எழும்பியபோது தாவீது எருசலேமை விட்டு ஓடினான். மேவிபோசேத் கூட வரவில்லை. அவன் நன்றிகெட்டவன் என்று சீபா கோள்சொல்ல, தாவீதும் நம்பிவிட்டான். ராஜா திரும்பிவந்த நாளில் மேவிபோசேத், போனநாள் தொடங்கிக் கால்களைப் பேணாமலும் தாடியைச் சீர்ப்படுத்தாமலும் எதிரே வந்து, நடந்ததைச் சொன்னான். கழுதையின்மேல் சேணம் வைத்து ஏறி ராஜாவோடு போகவேண்டும் என்று அவன் விரும்பியிருந்தான். தான் முடவனாகையால் பிறர் கை தேவைப்பட்டது. வேலைக்காரன் அவனை வஞ்சித்துவிட்டுப் போய்விட்டான்.

பந்தியில் அவனுக்கு என்றைக்கும் ஓர் இடம் இருந்தது. ராஜாவுக்கு நெருக்கடி வந்த நாளில், கூடவே போக விரும்பிய அவனுடைய கழுதைக்குச் சேணம் வைக்க ஒருவரும் இல்லை. அவன் வராமற்போனதற்கு வேறொரு காரணம் இருக்கும் என்று எண்ணிப்பார்க்கவும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

லேவியராகமம் 21ஆம் அதிகாரத்திலும் இதே வரம்பைக் காண்கிறோம். ஆரோனின் சந்ததியில் அங்கவீனமுள்ளவன் பரிசுத்தமான அப்பத்தைப் புசிக்கலாம்; பலிபீடத்தண்டையில் சேரலாகாது. பழைய உடன்படிக்கையின் அந்த வரம்பு திரைச்சீலை கிழிந்த நாளோடு முடிந்தது என்று நாம் அறிக்கையிடுகிறோம். நம்முடைய சபைகளில் அது முடிந்திருக்கிறதா? மாற்றுத்திறனாளிகளுக்கு நாம் செய்வது யாவை? கிறிஸ்துமஸ் காலத்தில் புத்தாடை, அரிசிப் பை, ஒரு சிறப்பு ஜெபம். நற்கருணை நேரத்தில் ஊழியர் பந்தியை அவர்கள் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கே கொண்டுபோய்க் கொடுக்கிறார். இவை அன்பின் செயல்களே; எவரும் நிறுத்தவேண்டாம். ஆயினும் இவை யாவும் பந்தியின் காரியங்கள். வேதபாடம் வாசிக்கிறவர்களில், ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களில், சேகரக் குழுவில், காணிக்கை எண்ணுகிறவர்களில் அவர்கள் எத்தனை பேர்? 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி நம் நாட்டில் மாற்றுத்திறனாளிகள் 2 கோடியே 68 லட்சம் பேர்.

கார்டோசோவின் கதையில் குக்ரியை மட்டும் நாம் நினைவில் வைப்பதற்குக் காரணம் இதுவே என்பது என் கருத்து. குக்ரியின் சம்பவம் நம்மிடத்தில் ஒன்றும் கேட்பதில்லை. வியந்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். லடாக்கின் சம்பவமோ நம்மையும் கேட்கிறது. அங்கே அவருடைய தைரியம் மாத்திரம் போதுமானதாக இல்லை. ஒருவர் கூடவே போய்ப் பார்க்கவேண்டியிருந்தது. ஊனத்தைச் சகித்துக்கொள்ளுகிறவர்களை நாம் 'விசுவாச வீரர்கள்' என்று புகழுகிறோம். அந்தச் சகிப்பில் ஒரு பகுதி நாம் கட்டிவைத்த படிகளினால் வந்தது என்பதை மறந்துவிடுகிறோம்.

எல்லாரும் கார்டோசோ அல்லவே, எல்லாராலும் ஓட முடியாதே என்று சொல்லலாம். உண்மைதான். அவரைப்போல் ஓடிக் காட்டினால்தான் இடம் என்று நாம் நிபந்தனை வைத்தால், அது வேறொரு கொடுமையாகிவிடும். இரண்டு கால்களும் உள்ளவர்களை வேதபாடம் வாசிக்க அழைக்கும்முன் நாம் எந்த ஓட்டப் பரீட்சையும் வைப்பதில்லை. வாசிக்கத் தெரியுமா என்று மட்டும் கேட்கிறோம். அந்த ஒரே கேள்வி மற்றவர்களுக்கும் போதும்.

நம் ஆலயத்தில் பீடத்துக்கு ஏற மூன்று படிகள் இருக்கின்றன. வாசிப்பு மேசை அந்தப் படிகளின் மேலே இருக்கிறது. அது கீழே தரைமட்டத்தில் இருந்தாலும் வேதவசனம் குறைந்துபோகாது. அதை இறக்கிவைக்க இரண்டு பேரும் ஐந்து நிமிடமும் போதும். பக்கவாசலில் சாய்தளம் கட்டுவதற்குச் செலவு உண்டு. அதை இந்த மாதச் சேகரக் குழுவில் முதல் பொருளாக வைக்கிறேன். ஜனவரி மாதத்து வாசிப்போர் பட்டியல் இன்னும் முடிவாகவில்லை. கடைசி வரிசையில் உட்காருகிறவர்களுள் வாசிக்க விருப்பமுள்ளவர்கள் இருந்தால், அல்லது அவர்களுடைய வீட்டார் இதை வாசித்தால், வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்தபின் என்னிடத்தில் சொல்லுங்கள். நானே அந்த வரிசைக்கு வருகிறேன்.